ஆர்டுயினோ பலகையின் வரலாறும் வடிவமைப்பும்

ஆர்டுயினோ என்பது மின்னணுவியலை முறையாகப் படிக்காதவர்களும் நுண்கட்டுப்படுத்தியைக் கையாளுவதற்கென உருவாக்கப்பட்ட ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையும், அதற்கான நிரலெழுதும் மென்பொருளும் ஆகும். இது 2005 ஆம் ஆண்டில் வடக்கு இத்தாலியில் உள்ள இவ்ரேயா நகரில் தோன்றியது. இதில் பொருத்தப்பட்ட சில்லு எந்த மின்னணுவியல் கடையிலும் கிடைத்த ஒன்றுதான். அந்தச் சில்லைச் சுற்றி எவற்றை வைப்பது, எவற்றை விடுவது, பயன்படுத்துபவர் செய்யக்கூடிய தவறுகளில் எவற்றைப் பலகையே தாங்கிக்கொள்வது என்ற முடிவுகளே இதனைப் புதியதாக்கின. இம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதையும், அவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பது பின்னாளில் எவ்வாறு சர்ச்சையானது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நுண்கட்டுப்படுத்தியும் பயிற்சிப் பலகையும்

கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லுக்குள் கொண்டது நுண்கட்டுப்படுத்தி. துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சியின் தொலையியக்கி, காரின் எஞ்சின் போன்றவற்றுக்குள் இருந்து வேலை செய்வது இதுவே. இன்டெல் நிறுவனம் 1976 இல் 8048 என்ற நுண்கட்டுப்படுத்தியையும் 1980 இல் 8051 என்பதையும் வெளியிட்டது. பிந்தியது பல பத்தாண்டுகள் கல்லூரிப் பாடத்திட்டங்களில் இடம் பெற்றது.

தனிச் சில்லை மட்டும் வாங்கி வந்தால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்குச் சீரான மின்னழுத்தம் வேண்டும். நேரத்தைக் கணக்கிட ஒரு துடிப்பு மூலம் வேண்டும். கணினியில் எழுதிய நிரலை அதற்குள் ஏற்ற ஒரு வழி வேண்டும். முனைகளுக்குக் கம்பி இணைக்க இடம் வேண்டும். இவை அனைத்தையும் ஒருங்கே அமைத்துத் தருவதே பயிற்சிப் பலகை. சில்லு தயாரிக்கும் நிறுவனங்களும் இத்தகைய பலகைகளை விற்றன. ஆனால் அவை ஒரு பொருளில் அந்தச் சில்லைப் பயன்படுத்தலாமா என்று ஆராயும் பொறியாளருக்காகச் செய்யப்பட்டவை. விலையும் அதற்கேற்ப இருந்தது. விளக்கக் கையேடுகளும் பொறியாளரின் மொழியிலேயே இருந்தன.

முன்னோடிகள்

தொடக்ககால நுண்கட்டுப்படுத்திகளில் நிரலை மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 8048 வகையில் மாற்றி எழுதக்கூடிய 8748 சில்லின் மேற்புறத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே புறஊதாக் கதிர்களைச் செலுத்திப் பழைய நிரலை அழிக்க வேண்டும். இதற்குப் பொதுவாக 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். அதன் பிறகு தனிக் கருவி ஒன்றில் வைத்துப் புதிய நிரலை எழுத வேண்டும். நிரலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இந்தச் சுற்றை மீண்டும் தொடங்க வேண்டும். பிழை செய்து திருத்திக் கற்றுக்கொள்ளும் மாணவருக்கு இது பெருந்தடையாக இருந்தது.

1990களில் இந்நிலை மாறியது. மைக்ரோசிப் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட பி.ஐ.சி. 16சி84 சில்லில் நிரலை மின்சாரத்தாலேயே அழித்து எழுத முடிந்தது. நார்வேயின் திரொண்ட்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய வடிவமைப்பை ஏற்று, ஆட்மெல் நிறுவனம் ஏ.வி.ஆர். என்ற சில்லு வரிசையை 1990களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் பிளாஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே இருந்தது. சில்லைச் சுற்றிலிருந்து கழற்றாமலேயே சில நொடிகளில் நிரலை மாற்றலாம்.

ஆர்வலர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான பலகைகளுள் ஒன்று, அமெரிக்காவின் பாரலாக்ஸ் நிறுவனம் 1992 இல் வெளியிட்ட பேசிக் ஸ்டாம்ப் ஆகும். அஞ்சல்தலை போலச் சிறியது என்பதால் இப்பெயர். பேசிக் மொழியின் எளிய வடிவத்தில் நிரல் எழுதினால் போதும். பலகையில் இருந்த மொழிபெயர்ப்பி அதை வரி வரியாகப் படித்து இயக்கும். இதனால் கற்பது எளிதாயிற்று, வேகம் குறைந்தது. விலை ஏறத்தாழ 50 டாலரும் அதற்கு மேலும் இருந்தது. ஒரு வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று வாங்கித் தருவதும், அது கெட்டுப்போனால் வேறொன்று வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை.

இவ்ரேயா நகரமும் வடிவமைப்பு நிறுவனமும்

இவ்ரேயா, இத்தாலியின் பியமோந்தே மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரம். தட்டச்சுப் பொறிகளுக்குப் பெயர்பெற்ற ஒலிவெட்டி நிறுவனம் இங்குதான் வளர்ந்தது. மேசைமேல் வைத்து இயக்கும் நிரலேற்றக்கூடிய கணிப்பொறிகளுள் முன்னோடியான புரோகிராமா 101 என்பதை அந்நிறுவனம் 1965 இல் அறிமுகப்படுத்தியது. பின்னர் ஒலிவெட்டியின் தொழில் சுருங்கியது; நகரின் பல தொழிற்கூடக் கட்டடங்கள் வெறுமையாயின.

இந்நகரில் 2001 இல் இவ்ரேயா ஊடாட்ட வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் இதற்குப் பொருளுதவி செய்தன. மனிதர்கள் கருவிகளோடு எவ்வாறு பழகுகிறார்கள் என்பதை ஆராய்ந்து புதிய பொருள்களை வடிவமைப்பது இங்கு கற்பிக்கப்பட்டது. மாணவர்களில் பலர் ஓவியம், வரைகலை, கட்டடக்கலை போன்ற துறைகளிலிருந்து வந்தவர்கள். கை வைத்தால் ஒளிரும் விளக்கு, அசைத்தால் பேசும் பொம்மை போன்ற மாதிரிகளை அவர்கள் சில வாரங்களில் செய்து காட்ட வேண்டியிருந்தது. மின்னணுவியல் அவர்களுக்கு ஒரு கருவி மட்டுமே. அதில் பட்டம் பெறும் நோக்கம் அவர்களுக்கு இல்லை.

அங்கு ஆசிரியராக இருந்த மாசிமோ பான்சி, மாணவர்கள் பேசிக் ஸ்டாம்ப் பலகையோடு படும் பாட்டை நேரில் கண்டார். விலை மிகுதி, ஆற்றல் குறைவு, வடிவமைப்பு மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய மெக்கின்டாஷ் கணினிகளில் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. இதற்கு மாற்றாகப் பி.ஐ.சி. சில்லைக் கொண்ட புரோகிராமா 2003 என்ற பலகையை அவர் உருவாக்கினார். ஒலிவெட்டியின் பழைய கணிப்பொறியை நினைவூட்டும் பெயர் அது. ஆனால் அதற்கு நிரல் எழுதுவது மாணவர்களுக்கு இன்னும் கடினமாகவே இருந்தது.

வயரிங்

கடினத்தின் மூலம் மென்பொருளில்தான் இருந்தது. ஒரு சிறு விளக்கை எரியச் செய்ய வேண்டுமானால், சில்லின் எந்தப் பதிவகத்தில் எந்த பிட்டை 1 ஆக்க வேண்டும் என்பதைச் சில்லின் தரவுத்தாளில் தேடிக் கண்டறிய வேண்டும். தரவுத்தாள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. வேறு சில்லுக்கு மாறினால் எழுதியதை மாற்ற வேண்டும்.

கொலம்பியா நாட்டைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வுக்கு இச்சிக்கலையே எடுத்துக்கொண்டார். 2003 இல் தொடங்கி 2004 இல் அவர் நிறைவு செய்த பணியின் பெயர் வயரிங். மாசிமோ பான்சியும் கேசி ரீஸும் அவருக்கு வழிகாட்டிகளாக இருந்தனர். கேசி ரீஸ், பென் ஃபிரை என்பவரோடு சேர்ந்து 2001 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பிராசசிங் என்ற மொழியைத் தொடங்கியவர். கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் கணினித் திரையில் ஓவியங்களை நிரல் மூலம் வரைவதற்கான எளிய மொழி அது. திரைக்கு பிராசசிங் செய்ததை மின்சுற்றுக்குச் செய்வதே வயரிங்கின் நோக்கம்.

பர்ராகான் ஏ.வி.ஆர். வரிசையின் ஏ.டி.மெகா128 சில்லைத் தேர்ந்தார். அதற்கு ஜி.சி.சி. என்ற கட்டற்ற தொகுப்பி இருந்தது இத்தேர்வுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. தொகுப்பி என்பது மனிதர் எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றும் மென்பொருள். அது விலையின்றிக் கிடைத்ததால் விண்டோஸ், மெக்கின்டாஷ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் நிரலெழுதும் சூழலை அமைக்க முடிந்தது.

வயரிங் தந்த பெரிய எளிமை அதன் கட்டளைகள். 'பின்மோட்' என்ற கட்டளை ஒரு முனை உள்ளீடா வெளியீடா என்று தீர்மானிக்கும். 'டிஜிட்டல்ரைட்' அம்முனைக்கு மின்சாரம் தரும் அல்லது நிறுத்தும். 'அனலாக்ரீட்' ஓர் உணரியின் மின்னழுத்தத்தை எண்ணாக வாசிக்கும். ஒவ்வொரு நிரலும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. 'செட்டப்' பகுதி தொடக்கத்தில் ஒரு முறை நடக்கும். 'லூப்' பகுதி மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப நடக்கும். இன்று ஆர்டுயினோவில் முதல் பாடம் படிக்கும் மாணவர் எழுதும் கட்டளைகள் இவையே.

ஆர்டுயினோவின் தோற்றம்

வயரிங் பலகையில் இருந்த ஏ.டி.மெகா128 ஆற்றல் மிக்கது. விலையும் சற்று மிகுதி. அது 64 சிறு கால்களோடு பலகையின் பரப்பிலேயே ஒட்டப்படும் வகை. கால்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாததால், புதியவர் ஒருவர் சால்டரிங் செய்து பொருத்துவது கடினம். சில்லு கெட்டால் பலகை முழுவதுமே வீணாகும்.

2005 இல் மாசிமோ பான்சி, அப்போது அந்நிறுவனத்தின் மாணவராக இருந்த டேவிட் மெல்லிஸ், சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஸ்பானியப் பொறியாளர் டேவிட் குவார்த்தியேஸ் ஆகியோர், வயரிங் மென்பொருளை ஏ.டி.மெகா8 என்ற மலிவான சில்லில் இயங்கச் செய்தனர். ஏ.டி.மெகா8 இல் நிரலுக்கு 8 கிலோபைட் இடம் மட்டுமே உண்டு. ஆனால் அது 28 தடித்த கால்களோடு சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தும் வடிவில் கிடைத்தது. மாணவர் தவறான இணைப்பால் சில்லைக் கெடுத்துவிட்டால், அதை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். வகுப்பறைக்கு இந்தச் சாக்கெட் தந்த துணிவு சிறிதன்று.

இவர்கள் இப்பணியை வயரிங்கிலிருந்து பிரித்துத் தனித் திட்டமாக்கினர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டாம் ஐகோ, இவ்ரேயா பகுதியில் பலகைகளைத் தயாரித்துக் கொடுத்த ஜான்லூக்கா மார்த்தினோ ஆகியோரும் சேர, ஐவர் குழு அமைந்தது. இவ்ரேயாவில் அவர்கள் கூடிய மதுக்கடையின் பெயரையே பலகைக்கும் வைத்தனர். அந்தக் கடையோ, 1002 இல் இத்தாலியின் அரசராக முடிசூடி, சில ஆண்டுகளில் ஜெர்மானிய அரசர் இரண்டாம் ஹென்றியிடம் ஆட்சியை இழந்த உள்ளூர் மன்னர் ஆர்டுயினின் பெயரைக் கொண்டது.

குழு வைத்துக்கொண்ட விலை இலக்கு ஏறத்தாழ 30 டாலர். பீட்சா கடையில் ஒருவர் சாப்பிட்டு வரும் செலவுக்குள் பலகை இருக்க வேண்டும் என்பது பான்சியின் அளவுகோல். பெரும்பாலான மின்சுற்றுப் பலகைகள் பச்சை நிறத்தில் இருந்தபோது இதற்கு நீல நிறம் தரப்பட்டது. பின்புறத்தில் இத்தாலியின் சிறு வரைபடம் அச்சிடப்பட்டது. பாகங்கள் பொருத்தப்படாத 300 வெற்றுப் பலகைகள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டு, குறிப்புகளைப் பார்த்துத் தாமே பாகங்களைப் பொருத்தி ஏதேனும் ஒன்றைச் செய்யுமாறு கூறப்பட்டது. அவ்வாறு செய்யப்பட்ட முதல் பொருள்களுள் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் எழுப்பு மணி. இன்னும் சிறிது நேரம் தூங்கலாம் என்று அதன் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அது கைக்கு எட்டாதபடி மேலே ஏறிக்கொண்டே போகும்.

பலகையின் அமைப்பு

ஒரு பயிற்சிப் பலகை ஆர்வலர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு, ஆர்டுயினோ படிப்படியாக மாறிய விதமே நல்ல பாடம். 2005 முதல் 2010 வரை வெளிவந்த ஒவ்வொரு பதிப்பும், பயன்படுத்தியவர்கள் பட்ட ஒரு சிரமத்தைக் குறைத்தது.

மின்வழங்கல்: பலகைக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் தரலாம். ஒன்று கணினியின் யு.எஸ்.பி. இணைப்பு; மற்றொன்று மின்கலம் அல்லது அடாப்டர். தொடக்கத்தில் இரண்டில் எது என்பதை ஒரு சிறு இணைப்பியை இடம் மாற்றிப் பயன்படுத்துபவரே குறிக்க வேண்டும். மறந்தால் பலகை உயிர்பெறாது. பழுது என்று நினைத்துக் குழம்புவர். டுவேமிலானோவே பதிப்பில் பலகையே இதைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. அடாப்டரின் நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் மின்னோட்டத்தைத் தடுக்க ஒரு டையோடு உண்டு. யு.எஸ்.பி. வழியில் 500 மில்லிஆம்பியருக்கு மேல் சென்றால் சூடேறி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, ஆறியபின் தானே மீளும் உருகி ஒன்று 2007 இல் சேர்க்கப்பட்டது. இது பலகையைவிட, மாணவரின் கணினியைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது.

அடாப்டரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைப்பது சீராக்கி. குறைக்கப்படும் மின்னழுத்தம் வெப்பமாக வெளியேறும். எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் கொடுத்து, சுற்று 0.2 ஆம்பியர் எடுத்துக்கொண்டால், 7 × 0.2 = 1.4 வாட் வெப்பம் உண்டாகும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள பாகத்துக்கு இது மிகுதியே. 7 வோல்ட் கொடுத்தால் அதே சுற்றுக்கு 0.4 வாட் மட்டுமே ஆகும். பலகையில் 7 முதல் 12 வோல்ட் வரை பரிந்துரைக்கப்படுவதன் பொருள் இதனால் விளங்கும்.

துடிப்பு: சில்லு நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில், அதாவது 16 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. சில்லின் மின்முனைக்கு மிக அருகில் 100 நானோஃபாரட் அளவுள்ள சிறு மின்தேக்கிகள் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் சில்லு கணநேரத்தில் இழுக்கும் மின்னோட்டத்தை இவை அருகிலிருந்தே ஈடுசெய்யும். இவற்றை விட்டுவிட்டால் நிரல் சரியாக இருந்தும் பலகை காரணமின்றி நின்றுபோகலாம். தாமே பலகை வடிவமைக்க முயல்வோர் பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு இதுவே.

நிரல் ஏற்றல்: பழைய முறையில் நிரல் ஏற்றத் தனிக் கருவி தேவைப்பட்டது. ஆர்டுயினோவில் சில்லின் நினைவகத்தில் ஒரு சிறு ஏற்றி நிரல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பலகை மீள்தொடக்கம் ஆனவுடன் அது கணினியிலிருந்து புதிய நிரல் வருகிறதா என்று சிறிது நேரம் பார்க்கும். வந்தால் நினைவகத்தில் எழுதிவிடும். வராவிட்டால் பழைய நிரலை இயக்கும். முற்காலப் பதிப்புகளில் பயன்படுத்துபவர் சரியான தருணத்தில் மீள்தொடக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் நிரல் ஏறாது. டியேச்சிமிலா பதிப்பு, கணினி இணைப்பைத் திறக்கும்போது மாறும் ஒரு சமிக்ஞையை ஒரு சிறு மின்தேக்கி வழியாக மீள்தொடக்க முனைக்குக் கொடுத்தது. அதன் பின் திரையில் ஒரு முறை சொடுக்கினாலே நிரல் ஏறியது. விலை மிகக் குறைந்த அந்த ஒரு பாகம் புதியவர்களின் பெருங்குழப்பத்தை நீக்கியது.

முனைகள்: பலகையில் 14 எண்ணிம முனைகளும் 6 ஒப்புமை உள்ளீடுகளும் உள்ளன. ஒப்புமை உள்ளீடு 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும். எனவே ஓர் எண் ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட்டைக் குறிக்கும். முனைகள் பலகையின் இரு ஓரங்களிலும் துளை வரிசைகளாக அமைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். கம்பியைச் செருகினால் போதும், சால்டரிங் தேவையில்லை. ஒரு முனை தாங்கும் உச்ச மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர். ஓர் எல்.இ.டி. விளக்கை 220 ஓம் மின்தடையோடு இணைத்தால் ஏறத்தாழ 14 மில்லிஆம்பியர் ஓடும், அது பாதுகாப்பானது. மோட்டாரை நேரடியாக இணைத்தால் சில்லு கெடும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

13 ஆம் எண் முனையோடு பலகையிலேயே ஒரு சிறு எல்.இ.டி. இணைக்கப்பட்டது. இதனால் வேறு எந்தப் பாகமும் வாங்காமல் முதல் நிரலை எழுதி விளக்கைச் சிமிட்ட வைக்கலாம். பலகை, கம்பி, மென்பொருள் மூன்றும் சரியாக உள்ளன என்பதை அந்தச் சிமிட்டல் உறுதிப்படுத்துகிறது.

ஓர் அளவுப் பிழை

மின்னணுவியலில் முனைகளுக்கு இடையேயான வழக்கமான இடைவெளி 0.1 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர். சந்தையில் கிடைக்கும் துளையிட்ட பலகைகள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும். ஆர்டுயினோவிலும் முனைகள் இதே இடைவெளியில் உள்ளன. ஆனால் 7 ஆம் முனைக்கும் 8 ஆம் முனைக்கும் இடையே மட்டும் 0.16 அங்குலம் உள்ளது. அவசரமாக வரைந்தபோது நேர்ந்த பிழை அது. இதனால் கடையில் வாங்கிய துளைப்பலகையை வெட்டி ஆர்டுயினோவின் மேல் பொருத்த முடிவதில்லை.

பிழை தெரிந்தபின்பும் அது திருத்தப்படவில்லை. அதற்குள் பலரும் ஷீல்டு எனப்படும் துணைப் பலகைகளை அந்த இடைவெளிக்கு ஏற்பவே செய்து விற்கத் தொடங்கியிருந்தனர். மோட்டாரை இயக்குவதற்கு ஒன்று, இணையத்தோடு இணைக்க ஒன்று எனப் பல இருந்தன. இடைவெளியைச் சரிசெய்தால் அவை அனைத்தும் பயனற்றுப் போகும். ஆகவே பிழையே தரமானது. பின்னர் வேறு நிறுவனங்கள் செய்த பலகைகளும் அதே 0.16 அங்குலத்தைப் பின்பற்றின. பலரும் நம்பி மேற்கட்டுமானம் எழுப்பும் பொருளில், சரியான அளவைவிட மாறாத அளவே மேலானது என்பதற்கு இது பொறியியல் வகுப்புகளில் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு.

திறந்த வடிவமைப்பு

இவ்ரேயா நிறுவனத்தின் நிதி 2005 வாக்கில் குறைந்து, அது மிலான் நகரின் தோமுஸ் அகாதமியோடு இணைக்கப்பட்டது. நிறுவனம் மூடப்பட்டால் தங்கள் பணியும் அதோடு முடங்கிவிடும் என்ற அச்சம் குழுவினருக்கு இருந்தது. பலகையின் வரைபடங்களையும் மென்பொருளின் மூலநிரலையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பலகை வரைபடங்கள் படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமத்தில் வெளியாயின. எவரும் அவற்றைப் பார்த்துப் பலகை செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.

இதன் விளைவாக, குறைந்த விலைப் பலகைகள் சீனாவிலிருந்து பெருமளவில் வந்தன. மூலப் பலகை வாங்க இயலாத மாணவர்களுக்கும் பள்ளிகளுக்கும் அவை வழி திறந்தன. அதே நேரத்தில், வடிவமைப்புக்கும் பாடக்குறிப்புகளுக்கும் உழைத்தவர்களுக்கு அவற்றிலிருந்து வருவாய் ஏதும் கிடைக்கவில்லை. திறந்த வன்பொருளின் இந்த இரு பக்கங்களும் இன்றுவரை விவாதிக்கப்படுகின்றன.

2007 இல் வந்த பதிப்புக்கு டியேச்சிமிலா, அதாவது பத்தாயிரம் என்று பெயர். 10,000 பலகைகள் தயாரிக்கப்பட்டதைக் குறிக்க வைத்த பெயர் அது. 2010 இல் ஊனோ பதிப்பு வந்தது. 32 கிலோபைட் நிரல் நினைவகமும் 2 கிலோபைட் செயல் நினைவகமும் கொண்ட ஏ.டி.மெகா328 சில்லு இதில் உள்ளது. ஆர்டுயினோ என்றாலே பலரது நினைவுக்கு வருவது இப்பதிப்புதான்.

சர்ச்சைகள்

ஆர்டுயினோ புகழ்பெற்ற பின், அதன் வரலாறு பெரும்பாலும் ஐவர் குழுவின் கதையாகவே சொல்லப்பட்டது. பர்ராகான் கொலம்பியாவுக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். வயரிங்கின் பெயர் ஆர்டுயினோவின் நன்றிக் குறிப்புகளில் இருந்தாலும், கட்டளைகளும் நிரலெழுதும் சூழலும் அவருடைய ஆய்விலிருந்து வந்தவை என்பதைப் பயன்படுத்தியவர்களில் பலர் அறியவில்லை. 2016 இல் 'ஆர்டுயினோவின் சொல்லப்படாத வரலாறு' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். தனித் திட்டமாகப் பிரித்தபோது தம்மை அதில் சேர்க்கவில்லை என்பதையும், தம் பணி எவ்வளவு தூரம் முடிந்திருந்தது என்பதையும் சான்றுகளோடு அதில் எடுத்துரைத்தார்.

வயரிங்கின் உரிமம் பிறர் எடுத்து மாற்றுவதை அனுமதித்தது. எனவே சட்டப்படி இதில் குற்றமில்லை. மலிவான சில்லுக்கு மாற்றியதும், சாக்கெட்டும், விலையும், பாடக்குறிப்புகளும் ஐவர் குழுவின் உழைப்பு என்பதும் உண்மை. ஆயினும் உரிமம் அனுமதிப்பது வேறு, உரியவருக்கு உரிய பெயரைக் கொடுப்பது வேறு. பொருளை இலவசமாகப் பகிரும் மரபில், உழைத்தவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பெயர் ஒன்றே. அதனால்தான் இக்கேள்வி கூர்மை பெற்றது.

பெயரைப் பற்றியே இன்னொரு வழக்கும் எழுந்தது. பலகைகளைத் தயாரித்த மார்த்தினோவின் நிறுவனம் 2008 இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற வணிகக்குறியைத் தன் பெயரில் பதிவு செய்திருந்தது. மற்ற நால்வரின் நிறுவனம் அமெரிக்காவில் அதே பெயரைக் கொண்டிருந்தது. 2015 இல் இரு நிறுவனங்களும் ஒரே பெயரில் இயங்கின. நால்வர் தரப்பு அமெரிக்காவுக்கு வெளியே ஜெனுயினோ என்ற பெயரில் பலகைகளை விற்றது. 2016 அக்டோபரில் இரு தரப்பும் இணைவதாக அறிவித்ததோடு வழக்கு முடிவுக்கு வந்தது. வரைபடத்தை எல்லோருக்கும் கொடுத்தவர்களுக்குள், கொடுக்காமல் வைத்திருந்த ஒரே பொருளான பெயரில்தான் சண்டை வந்தது.

பின்வந்த பலகைகள்

ஆர்டுயினோ காட்டிய வழியில் பல பலகைகள் தோன்றின. சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ஈ.எஸ்.பி.8266 சில்லு, வைஃபை வசதியை மிகக் குறைந்த விலையில் தந்தது. ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கு நிரல் எழுத ஆர்வலர்கள் வழிசெய்தனர். பி.பி.சி. நிறுவனம் பிற கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய மைக்ரோபிட் பலகை, 2016 இல் பிரித்தானியாவில் 11, 12 வயதுள்ள ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை பிக்கோ 4 டாலர் விலையில் வெளிவந்தது. இந்தியாவில் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் பள்ளிகளில் அமைத்த அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் ஆர்டுயினோ பலகைகளும் மாணவர்களின் கைக்கு வந்தன.

இன்று ஊனோவைவிடப் பல மடங்கு வேகமும் நினைவகமும் கொண்ட பலகைகள் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றில் பல 3.3 வோல்ட்டில் இயங்குபவை. பழைய 5 வோல்ட் உணரியை நேரடியாக இணைத்தால் அவை கெடக்கூடும். சில்லைக் கழற்றி மாற்றவும் முடியாது. எனவே முதல் பாடத்துக்கு ஊனோவையே தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் இன்னும் உள்ளனர்.

மதிப்பீடு

ஆர்டுயினோவில் புதிய அறிவியல் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. சில்லு நார்வே மாணவர்களின் சிந்தனையில் தோன்றியது. தொகுப்பி கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கொடை. நிரலெழுதும் சூழலின் முன்மாதிரி எம்.ஐ.டி.யில் பிறந்தது, கட்டளைகள் ஒரு கொலம்பிய மாணவரின் ஆய்வில் உருப்பெற்றன. இவற்றைச் சேர்த்து, பிடுங்கி மாற்றக்கூடிய ஒரு சில்லோடு, ஒரு வேளை உணவின் விலையில் தரலாம் என்று கண்டதே இவ்ரேயா குழுவின் சாதனை. அதற்கு முன் நுண்கட்டுப்படுத்தியைக் கற்க விரும்பியவர், தவறு செய்ய அஞ்சியே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு தவறின் விலையை ஒரு சில்லின் விலையாகக் குறைத்ததால், அந்த அச்சம் வகுப்பறையிலிருந்து பெருமளவு அகன்றது.